வெறும் எடை

பிறை தொழிற்பேட்டையில் எடைமேடை என் வேலை.
லோரி ஏறும், நிற்கும், சிவப்பு எண்கள் அலைந்து அடங்கும்.
சரக்கோடு ஒருமுறை, வெறும் வண்டியாக ஒருமுறை.
அதிலிருந்து இதைக் கழித்தால்
தவ்க்கேக்கு வேண்டியது கிடைத்துவிடும்.
பத்தொன்பது வருடமாய் இந்தக் கழித்தல் ஒன்றுதான்.

இன்று லீவு போட்டேன்.
லோஷினியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு
பாலத்தின் மோட்டார் பாதையில் காற்றோடு மல்லுக்கட்டி
பாயான் பாரு போய்ச் சேர்ந்தோம்.
கடைவீட்டு மாடி. கீழே டயர் கடை.
இரண்டு மணி நேரத்துக்கு முன்பு
மைலோவும் ஒரு வாழைப்பழமும் போதும் என்று
வாட்சப்பில் சொல்லியிருந்தார்கள்.
பாதிப் பழத்தை என்னிடமே தந்துவிட்டாள்.

முதலில் பாரம் நிரப்பச் சொன்னார்கள்.
பாரம் என்றால் எனக்குப் பழக்கம்.
வயது பதினான்கு. மும்முறைத் தாண்டல்.
தூக்கம் எத்தனை மணி நேரம்? ஒன்பது என்று எழுதினேன்.
"ஏழுப்பா" என்றாள். அடித்து எழுதினேன்.
வலி, காயம் ஏதும் உண்டா?
"இல்லை" என்றாள், கொஞ்சம் சீக்கிரமாக.
அடுத்த கேள்வி மாதவிலக்கைப் பற்றியது.
பேனா நின்றது. ஒன்றும் சொல்லாமல்
என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.
நான் சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தில்
முழங்கால் சில்லை வெகுநேரம் படித்தேன்.

மிஸ் ஊய் உரக்கப் பேசாதவர்.
நின்ற உயரம், உட்கார்ந்த உயரம், விரித்த கைகளின் நீளம்.
இன்னும் வளர இருக்கிறது என்றார்.
சப்பாத்து விலை ஞாபகம் வந்தது எனக்கு.
குனிந்து விரல் தொடுவது, ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது.
மாடியில் ஓட இடமேது?
பின்சந்தில் இரண்டு மின்கண்களை நட்டு ஓடவிட்டார்கள்.
டயர் மாற்ற வந்த ஒரு சீனக் கிழவர்
கையிலிருந்த கோப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்.

பிறகு அந்தத் தட்டு.
தரையோடு தரையாக, கறுப்பாக, இரண்டு பாதியாக.
சிரித்துவிட்டேன்.
என் மேடை போட்ட குட்டி!

ஏறி நின்றாள். கோடு அலைந்து அடங்கியது.
நாற்பத்தாறு கிலோ சொச்சம்.
"முடிந்த உயரத்துக்கு எம்பு."
திரையில் கோடு முதலில் குழிந்தது,
மலையாய் எழுந்தது,
சட்டென்று விழுந்து
சுழியத்தில் படுத்துக்கொண்டது.
பழுதோ என்று பார்த்தேன்.
"காற்றில் இருக்கிறாள்" என்றார் மிஸ் ஊய்.

அரை விநாடிகூட இல்லை.
சரக்கும் இல்லை, வண்டியும் இல்லை.
எந்த லோரியும் எனக்கு இதைக் காட்டியதில்லை.

இறங்கும்போதுதான்
இடக்கோடு எகிறியது, வலக்கோடு பதுங்கியது.
மறுபடி எம்பினாள். மறுபடி அதே.
ஒருபக்கமாய்ச் சரக்கேற்றிய வண்டியை
மேடையில் ஏறும் சத்தத்திலேயே பிடித்துவிடுவேன் நான்.
வீட்டுக்குள் நடக்கிற பிள்ளையைப் பிடிக்கவில்லை.

"வலது குதிகால். எப்போதிருந்து?" மலாயில் கேட்டார்.
லோஷினி சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தாள், கட்டினாள்.
"தைப்பூசத்திலிருந்து."
இது ஜூன் மாதம்.
"சொன்னால் மாநிலத் தேர்வுக்கு விடமாட்டீங்க."
அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தட்டைப் பார்த்துச் சொன்னாள்.

வளரும் எலும்பு, இழுக்கும் நரம்பு,
ஆறு வாரம் தாண்ட வேண்டாம், பிறகு மறுபடி அளப்போம்.
மிஸ் ஊய் படம் வரைந்து காட்டினார்.
தேர்வு நான்கு வாரத்தில்.
யாரும் அந்தக் கழித்தலை வாய்விட்டுச் செய்யவில்லை.

கிளம்பும்போது பாரத்தைத் திரும்பக் கேட்டாள்.
'இல்லை'யை அடித்துவிட்டு ஏதோ எழுதினாள், நீளமாக.
நான் எட்டிப் பார்க்கவில்லை.

பாலத்தில் எதிர்க்காற்று.
நடுக்கடலில் என் தோளைத் தட்டிக் கத்தினாள்,
அந்தப் பாதிப் பழம் எங்கே என்று.
தின்றுவிட்டிருந்தேன்.