மூலக் காரணம்

பள்ளிப்பட்டு தாண்டி நகரி போகும் சாலையில்
கடைப் பலகைகளில் எழுத்து மாறும்போதுதான்
மாநிலம் மாறியது தெரியும்.
பவர்லூம் சத்தம் மாறுவதில்லை.

பையில் பதினோரு படிவங்கள்.
ரத்தம் உறையாதவர்கள்,
ஊசிக்கு வந்துகொண்டிருந்து
ஒரு நாள் வராமல் போனவர்கள்.
எதனால் செத்தார்கள் என்று நான் எழுத வேண்டும்.
நேரடிக் காரணம், இடைக் காரணம், மூலக் காரணம்.
மூன்றாவதற்கு ஒரே ஒரு கட்டம்.
இரண்டு இலக்கம் கொள்ளும்.

ஏகாம்பரகுப்பம் தண்டவாளத்தில் கிடந்த கன்னியப்பனுக்கு
காவல் நிலையம் முன்பே எழுதிவிட்டது:
தீராத வயிற்று வலி.
வலித்தது முழங்கால்.
இருபது வருடமாக, இரண்டும்.
வயிறு, பாவம், நன்றாகத்தான் இருந்தது.

பொதட்டூர்பேட்டையில் வஜ்ஜிரவேலுவின் மனைவி
கதவைப் பாதி சாத்திக்கொண்டு பேசினாள்.
காய்ச்சல், என்றாள்.
எத்தனை நாள்?
நாலு வருஷம்.
எண்பத்தொன்பதில் அவருக்கு ஏற்றிய ரத்தத்தைப் பற்றி
அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
மருந்தே காரணமானால் அதற்கும் ஓர் எண் உண்டு.
பென்சிலால் எழுதினேன்.

தேசம்மாள் வீட்டில் மட்டும் மூன்று மணி நேரம்.

மகன் லோகநாதன், முப்பத்திரண்டு வயது.
நகராட்சிச் சான்றிதழில் மாரடைப்பு.
"நின்னுதானே போவும் எல்லாருக்கும்" என்றாள்.

கடைவாய்ப் பல். சந்தை நாளில் பிடுங்கியது.
சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா,
கேட்டாராம் பல் டாக்டர்.
இல்லை என்றானாம். பொய்யில்லை.
நாங்கள் லேமினேஷன் போட்டுக் கொடுத்த அட்டை
சட்டையின் உள்பையில் இருந்தது.
பழைய தறிப்பட்டறையில் அதைக் காட்டிய வாரமே
வேலை போயிருந்தது.

பஞ்சு வைத்தார்கள். காபித்தூள் வைத்தார்கள்.
மீன்கடையில் ஐஸ் வாங்கி வைத்தார்கள்.
நாலாம் ராத்திரி திருத்தணியா திருப்பதியா என்று
தெருவே நின்று பேசியது.
ரேஷன் கார்டு எந்தப் பக்கமோ
அந்தப் பக்கம்தான் பார்ப்பார்கள் என்றார் ஆட்டோக்காரர்.
அதற்குள் கோழி கூவிவிட்டது.

"நெத்துரு ஆகலேது, நெத்துரு ஆகலேது"
தெலுங்கில் அழ ஆரம்பித்தவள்
தமிழில் முடித்தாள்:
"துப்புனா நான் பாப்பேன்னு
முழுங்கிக்கினே இருந்தாம்மா."

பேனாவை மூடினேன்.
பல்லா, பட்டறையா, உள்பையா,
கார்டின் பக்கமா,
தாய் பார்க்கக்கூடாதென்று விழுங்கிய நான்கு நாளா?

"எம்பேரை எழுதும்மா.
எங்கிட்டயிருந்துதான் வந்துச்சு.
ஆஸ்பத்திரியில படம் போட்டே காட்டினாங்க."

படம் போட்டது நான்.
சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் ஒரு கோடு,
தாயிலிருந்து மகனுக்கு.
புரியும்படி போட்டதாக
அன்று எனக்குப் பெருமைகூட இருந்தது.

தீப்பெட்டியைத் திறந்து பல்லைக் காட்டினாள்.
பூச்சி அரித்த, சின்னப் பல்.
"இதுல தெரியுமா?"
தெரியாது, என்றேன்.
திரும்பவும் மூடி
சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

மூத்த மகள் யசோதா தண்ணீர் கொண்டுவந்தாள்.
அவள் புடவையைப் பிடித்தபடி ஒரு பையன்,
நாலு வயதிருக்கும்.
முழங்கைக்கு மேல்
நாவல்பழம் நசுக்கின மாதிரி ஒரு திட்டு.
"விழுந்துட்டான்" என்றாள்,
நான் எதுவும் கேட்கவில்லை.
சட்டைக் கையை இறக்கிவிட்டாள்.
கை எட்டாத அளவு
வீங்கியிருந்தது முட்டியும்.

பையைத் துழாவினேன்.
உயிரோடிருப்பவர்களுக்கு எழுதும் படிவம்
ஒன்றுகூட எடுத்து வரவில்லை.
கையிலிருந்தது லோகநாதனுடையது.
அதைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன்:
செவ்வாய், வெள்ளி. ஒன்பது மணிக்கு முன்.
மருத்துவமனையின் பின்கேட். என் கைபேசி எண்.
எந்த கார்டானாலும், என்று எழுதி
அடிக்கோடு போட்டேன்.
அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

யசோதா வாங்கினாள்.
முன்பக்கம் பார்க்காமலே நாலாக மடித்து
ஜாக்கெட்டுக்குள் வைத்தாள்.

பேருந்தில் மேலதிகாரியின் அழைப்பு.
பதினொன்னும் முடிஞ்சுதா?
பத்து, என்றேன்.
ஒரு தாள் குறையுது சார்.