வரி 212

சாஸ்கட்டூனில் மைனஸ் முப்பத்தொன்று.
தானியக் கிடங்கின் விசிறிக்கு
சி நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
கம்பைலர் குறை சொல்கிறது:
வரி 212, ஈரப்பதம்.
வாங்கிக்கொண்டாய், தொடவேயில்லை.

நீக்கலாம்தான்.
நீக்கினால்
இதைக் கூப்பிடும் பதினொரு கோப்புகளும்
முறுக்கிக்கொள்ளும்.
அதன் முன்னால் ‘வாய்ட்’ என்று போட்டேன்.
தெரியும், விடு என்று அர்த்தம்.
விட்டுவிட்டது.

வரி 340, பழைய வெப்பம்.
டெரக் வைத்தது.
அவன் வேலையை விட்டே மூன்று வருடம்.
அழித்தேன்.
விசிறி அதே வேகத்தில் சுற்றியது.
எச்சரிக்கைகள்: பூஜ்யம்.

மதியம் பல் ஆஸ்பத்திரி.
தில்லை, வில்லா, லன்
என்று மூன்றாய் உடைத்துக் கூப்பிட்டாள்
வரவேற்பில் இருந்த பெண்.
எழுந்தேன்.
யாரிடமும் பல்லைக் காட்டாத மனிதர் அப்பா.
அவர் பெயருக்கு
நான் வாயைத் திறந்து காட்டினேன்.

மங்கையர்க்கரசி
படிவத்தின் முதல் கட்டத்தில்தான் இருந்தாள்,
பாஸ்போர்ட்டில் இருப்பதைப் போலவே,
எழுத்துப் பிழையில்லாமல்.
ஆபீஸில் நான் ‘எம்’.
ஒன்பது வருடமாக
இதற்கு ஒரு எச்சரிக்கையும் வரவில்லை.

காரில் ஹீட்டர் சூடேறும்வரை
கண்ணாடியைப் பார்த்து
ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
ஊசி போட்ட வாய்.
‘ம’வுக்கே
உதடு ஒட்டவில்லை.