பிற்பகல்

என் இருக்கை அ-4.
சம்பளப் பட்டியல், விடுப்புக் கணக்கு, கடைசி ஊதியச் சான்று.
பெரியாஸ்பத்திரியில் யார் பிழைத்தார் என்பது
இந்த மேசைக்கு வராது.

பதினோரு மாதம்
டாக்டர் துளசிராம் பெயருக்குக் கீழே
முதல்வர் (பொறுப்பு) என்று தட்டச்சு செய்தேன்.
அந்த அடைப்புக்குறி
அவரோடு வார்டு வார்டாக நடந்தது.

முதுநிலைப் பட்டியலில் அவர் ஒன்பதாவது.
எட்டாமவர் தஞ்சாவூரை விட்டு வரமாட்டேன் என எழுதிக் கொடுத்துவிட்டார்.
பதிமூன்றாமவர் ஒத்தக்கடைக்குப் போய் வழக்குப் போட்டார்.
தடை. தடை நீக்கம். மறுபடி தடை.
கோட்டைக்குப் போன் செய்தால்
'சுற்றில் இருக்கு' என்பார்கள்,
ஏதோ காய்ச்சலைச் சொல்வதுபோல.

கேண்டீனில் ஒரு தொகை அடிபட்டது.
"குடுத்திருந்தா ஆர்டர் எப்பவோ வந்திருக்குமே" என்றார் டீ மாஸ்டர்.
எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய
நன்னடத்தைச் சான்று கிடையாது.

நவம்பர் முப்பது. அவர் ஓய்வு பெறும் நாள்.
கழுத்தில் மாலை, மேசையில் கேசரி,
ஜன்னல் வழியே கோரிப்பாளையத்துத் தூசி.
நாலு நாற்பதுக்கு அரசாணை வந்தது.
முழு நியமனம்.
கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தார்.
"மணி என்ன?"
"நாலு அம்பத்தஞ்சு சார்."

பொறுப்பேற்பு அறிக்கையில் எழுதினார்: பிற்பகல்.
ஓய்வு அறிக்கை பக்கத்திலேயே காத்திருந்தது.
அதைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்:
"பேச்சியம்மா கோப்பு எங்கே?"

துப்புரவுப் பணியாளர் நூற்றுநாற்பது பேர்.
மாதம் மூன்று நாள் கூலியை ஒப்பந்தக் கம்பெனி விழுங்குகிறது.
பேச்சியம்மாதான் முதல் கைநாட்டு.
அவளுக்கு அரசாணை இல்லை, பட்டியல் இல்லை;
எட்டு வருஷத்துக்கு முன் ஒரு சூப்பர்வைசர்
'நாளைக்கு வா' என்றான், வந்தாள்.
கம்பெனி பில்லை நிறுத்தப்
பொறுப்பு முதல்வருக்கு அதிகாரமில்லை என்று
இருமுறை வக்கீல் கடிதம் வந்திருந்தது.

கோப்பைப் பிரித்துப் பிடித்தேன்.
'நிறுத்துக' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.
இந்த முறை அடைப்புக்குறி இல்லை.
பிறகு ஓய்வு அறிக்கை. பிற்பகல்.
பிறகு கேசரி.

விதிப்புத்தகத்தில் ஒரு நாளைக்கு இரண்டே பொழுது.
ஒரே பொழுதில் ஏறி இறங்கியவருக்கு
ஊதிய வித்தியாசம் போட்டுப் பார்த்தேன்.
பூஜ்யம்.
கருவூலத்தில் கேட்டேன், சிரித்தார்கள்.

இப்போது தணிக்கைக் குறிப்பு வந்திருக்கிறது:
'பக்கம் 112-இல் ஒப்பமிட்டபோது அன்னார்
முதல்வரா, ஓய்வு பெற்றவரா?
நேரம் குறிப்பிடப்படவில்லை.'
பதினைந்து நாளில் பதில் வேண்டுமாம்.
கம்பெனி பில் இன்னும் நிற்கிறது; அதுவரைதான் நிற்கும்.

112-ஆம் பக்கத்தில்
மாலையிலிருந்து உதிர்ந்த ரோஜா இதழ் ஒன்று
காய்ந்து, கையெழுத்தின் வால்மேல் ஒட்டியிருக்கிறது.
பிய்த்தால் மசியும் வரும்.

பதில் கடிதத்தில் பொருள், பார்வை எல்லாம் அடித்தாயிற்று.
நடுவில் வெற்றிடம்.
அடியில்
'இணைப்பு: ஒன்று.'