சொல்வதை எழுதுபவர்

மண்டபம் மேல்நிலைப் பள்ளி. கடைசி அறை.
ஒரு மேசை, இரண்டு நாற்காலி.
காற்றுக்கு வினாத்தாள் பறக்கிறது,
அவன் அதன்மேல் ஐந்து ரூபாய்க் காசை வைக்கிறான்.

அவன் சொல்ல வேண்டும், நான் எழுத வேண்டும்.
கூட்டக் கூடாது. திருத்தக் கூடாது.
முகத்தால்கூட விடை சொல்லக் கூடாது.
அவனுக்கு ஒரு மணி நேரம் கூடுதல்.

ரெமிஜியுஸ்.
நாலாம் வகுப்பில் என்னிடம் இருந்தவன்.
சொந்தப் பேரையே எழுதத் தெரியவில்லை என்று
டீக்குடிக்கிற நேரத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.
ர போடுவான், அதற்குப் பின்னால் கொம்பு.
வட்டம் போட்டேன். பத்துத் தடவை எழுது என்றேன்.
பத்துத் தடவையும்
ர, பின்னால் கொம்பு.
சிவப்பு மையில் "கவனக்குறைவு" என்று எழுதினேன்,
அதை வாசிக்கத்தான் அவனால் முடியாது என்று தெரியாமல்.
அவன் அம்மா தீவிலிருந்து நேராக வந்தாள்,
பாசி பறித்த விரல்களில் சுற்றிய துணி ஈரமாக இருந்தது.
"எங்க கையெழுத்துப் போடணும்?"
அவ்வளவுதான் கேட்டாள்.

இரண்டு வருடம் கழித்து
வட்டார வள மையத்திலிருந்து ஒரு பெண் வந்து
டிஸ்லெக்ஸியா என்றாளாம்.
(அந்தச் சொல்லிலும் ஒரு கொம்பு நடுவில் ஒளிந்திருக்கிறது.)
கல்யாணப் பத்திரிகை அட்டையில் சன்னல் வெட்டி
ஒரு வரி மட்டும் தெரிகிறமாதிரி கொடுத்தாளாம்.
பத்திரிகை அட்டை என் வீட்டிலும் நிறையக் கிடந்தது.

இப்போது நான் மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன்: ரெ.
நாக்கில் முதலில் வருவது ர்.
எ அதற்குப் பிறகு.
தாளில்தான் கொம்பு முந்திக்கொண்டு நிற்கிறது.
கேட்ட வரிசையில் எழுதியிருக்கிறான் பையன்.
எல்லாம் அதனால் இல்லை, தெரியும்.
ல, ள, ழ மூன்றும் அவனுக்கு ஒரே வீட்டு வாசல்,
ஒரு வரியில் இறங்கினால் அடுத்த வரியில் ஏறுவான்.
ஆனாலும் அந்த ஒரு கொம்புக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

எழுத்து வராவிட்டால் என்ன, கடலைப் படிப்பான்
என்று யாரும் ஆறுதல் சொல்லவேண்டாம்.
வள்ளத்தில் ஏறினால் அவனுக்கு வாந்தி.

கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறான்.
மின்வாரியத்துக்குக் கடிதம்:
"ஐயா, எங்கள் தெருவில் மூன்று விளக்குகள் எரியவில்லை.
நாலாவது கம்பத்தில் விளக்கே இல்லை,
ஆகவே அது பழுதில்லை."
பேனா சிரித்துவிடும்போல் இருக்கிறது. எழுதுகிறேன்.
அவன் வேகத்துக்கு என் கை வரவில்லை.
நிறுத்துகிறான்.
கண்ணைத் திறந்து என் விரலைப் பார்க்கிறான்.
"மெதுவா எழுதுங்க டீச்சர். நான் இருக்கேன்."

இதை நான் அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அடுத்த வினா: பிழை நீக்கி எழுதுக.
வாசித்துக் காட்டினேன்.
இருவரும் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தோம்.
"ரெண்டு மார்க்குதான் டீச்சர். விட்டுருங்க."
விட்டேன்.

வருகைத் தாள் எங்கள் அறைக்குக் கடைசியில்தான் வந்தது.
அதில் அவனே எழுத வேண்டும்.
பேனாவைக் கொடுத்தேன்.
கட்டத்தின் ஓரத்தில் விரல் அகலம் இடம் விட்டு
ர போட்டான்.
பிறகு திரும்பி வந்து
விட்ட இடத்தில் கொம்பை வைத்தான்.
காத்திருந்த கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.
மி. ஜி. யு. ஸ்.

அதற்கடுத்த கட்டம் எனக்கு.
சொல்வதை எழுதுபவர், கையொப்பம்.