இருட்டுக் கொடுத்தல்

ஏஜாக்ஸில் எங்களுக்கு மூன்றாவது புரட்டாதி.
செவ்வந்தி நெஞ்சுயரம் நிற்கிறது.
மொட்டென்று கிள்ளிப் பார்த்தால்
அதுவும் இலை.

உரம் கூடிப்போச்சு என்றார் கடைக்காரர். நிறுத்தினேன்.
வெயில் காணாது என்றார் தயாபரி அக்கா.
தொட்டியை அங்குமிங்கும் இழுத்து
முதுகு பிடித்ததுதான் மிச்சம்.

இரவு வேலை முடிந்து வந்த ஒருநாள்
செடியின் நிழல் என் சப்பாத்தில் விழுந்தது.
மணி இரண்டு.
இல்டா வீட்டுக் கராஜ் விளக்கு.

நீண்ட இருட்டைக் கண்டால்தான் பூக்கிற சாதி இது.
எங்கள் வளவுக்கோ
இரவே வந்ததில்லை.

அணைக்கச் சொல்லப் போனேன்.
கதவுக் கண்ணாடியில் அவள் மகன் நூனோவின் படம்.
'காணவில்லை'
வெயிலில் பாதி வெளிறியிருந்தது.
அழைப்புமணி வரை போன விரலை
சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இப்போது பின்னேரம் ஆறு மணிக்கு
என் பழைய பனிக்கோட்டைச் செடிக்குப் போர்த்துகிறேன்.
காலை எட்டுக்குக் கழற்றுகிறேன்.

நேற்று
இல்டா வெறுங்காலோடு ஓடி வந்தாள்.
கோட்டின் தோளைத் தொட்டாள்.
"செடிதான்" என்றேன்,
வேறென்ன சொல்ல.

கொஞ்ச நேரம் நின்றாள்.
பிறகு, நான் பூட்டாமல் விட்ட கழுத்துப் பொத்தானை
மெல்லப் பூட்டிவிட்டு
உள்ளே போனாள்.

விளக்கு எரிந்தது.