வெற்று எடை

லாபிஸ் செம்பனை ஆலையில் எடைமேடை என் பொறுப்பு.
லாரி குலையோடு ஏறும். எண் எழுதுவேன்.
கொட்டிவிட்டுத் திரும்பி வரும். எண் எழுதுவேன்.
பெரியதில் சின்னதைக் கழிப்பது
பத்தொன்பது வருடமாக என் சோறு.

அதனால், அரசு கிளினிக்கின் பின்னறையில்
மிஸ்ஸி பிரேமலதா உலர்ந்த பேடைத் தராசில் வைத்து
பதினாலு கிராம் என்றபோதே
அடுத்தது என்ன என்று தெரிந்துவிட்டது.

அரை லிட்டர் தண்ணீர். கால்மணி நேரம் உட்கார்.
பிறகு நட. படி ஏறு, இறங்கு.
நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழு.
பத்துத் தடவை இருமு,
பொய் இருமல் வேண்டாம் அக்கா, அடி வயிற்றிலிருந்து.
நின்ற இடத்தில் ஓடு.
தரையில் ஒரு இருபது காசு. குனிந்து எடு, ஐந்து முறை.
காசு உனக்கில்லை. கேட்டுப் பார்த்தேன்.
கடைசியாகக் குழாயைத் திறந்து ஒரு நிமிடம் கை கழுவு.
அங்கேதான் தோற்றேன், தண்ணீர்ச் சத்தத்தில்.

ஐம்பத்திரண்டு. பதினாலு போக முப்பத்தெட்டு.
ஏழு வருட வெட்கம்,
மாசி மகத்தில் பாதி ஊர்வலத்தோடு திரும்பிய வெட்கம்,
பஸ்ஸில் எப்போதும் கதவோர இருக்கை,
எப்போதும் கறுப்புச் சிலுவார்,
எல்லாம் சேர்த்து
நாலு உதிரிப்பழ எடைகூடத் தேறவில்லை.

டாக்டர் ஹஸ்லிண்டா காகிதத்தில் ஒரு வட்டம் போட்டு
அதைச் சுற்றி நாலு புள்ளி வைத்தார்.
ஊசியில் ஒரு கூழ். உள்ளே போய் மெத்தையாய் உப்பும்,
குழாய் வாய் கூடி மூடும்.
எதில் செய்தது டாக்டர்?
கடற்பாசியில்.
அகார் அகார் மாதிரியா?
ஏறக்குறைய, என்றார்.
எனக்கு முன்னால் யாருக்குப் போட்டீர்கள்?
முயல்களுக்கு.
முயலை யார் இருமச் சொன்னது என்று
கேட்காமல் விழுங்கினேன்.
கேட்டிருந்தால் நானே சிரித்திருப்பேன்,
தராசில் இரண்டு கிராம் ஏறியிருக்கும்.

எட்டுப் பக்கத் தாள், மலாயிலும் தமிழிலும்.
'தன்னிச்சையற்ற சிறுநீர்க்கசிவு.'
இவ்வளவு மரியாதையாய் அதை யாரும் கூப்பிட்டதில்லை.
கூழ் இரண்டு வகை, ஒன்று பழையது, ஒன்று புதியது.
எது எனக்கு என்று எனக்கும் தெரியாது, மிஸ்ஸிக்கும் தெரியாது.
ஒட்டிய உறைக்குள் இருக்கிறது.
என் பெயர் இனி லாபிஸ் பூஜ்யம் ஏழு.

ஊசி சுள்ளென்றது. அவ்வளவுதான்.
கஷ்டம், கையோடு கொடுத்த நோட்டுப் புத்தகம்தான்.
மணி, என்ன செய்துகொண்டிருந்தேன், எவ்வளவு,
மூன்று கட்டம், மூன்று மாதம்.
வீட்டுக்காரர் ஒருநாள் திறந்து பார்த்தார்.
எதுவும் கேட்கவில்லை.
சனிக்கிழமை 3814 வாங்கியிருந்தார்.
விழவில்லை.

பொய் எழுதலாம் என்று ஓர் இரவு தோன்றியது.
டாக்டர் நல்ல மனுஷி, பூஜ்யம் பார்த்தால் சந்தோஷப்படுவார்.
ஆனால் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு மேடை ஏறி,
இறங்கும் முன் திறந்துவிடும் லாரிகளை
நான்தான் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.
ஈரத்தைப் பற்றிப் பொய்க் கணக்கு
என் கையால் ஆகாது.

மூன்றாம் மாதம் இருபத்தைந்து.
பதினாலு போக பதினொன்று.
பழையதா புதியதா, உங்களுக்கு என்ன தோன்றுகிறது அக்கா?
அதற்கும் தாளில் ஒரு கட்டம் இருந்தது.
தெரியவில்லை என்று போடச் சொன்னேன்.

நேற்று அஸ்மான் லாரியை மேடையில் நிறுத்தி
தன் மாமியாரும் குரங்கும் ஒரே டுரியானுக்குச் சண்டை போட்டதை
இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினான்.
ஆலையில் எனக்குச் சிரிக்காத கிராணி என்று பேர்.
பல்லைக் கடித்தேன், தொடையை இறுக்கினேன்,
அப்புறம் விட்டுவிட்டேன்.
அவன் இஞ்சினை அணைத்துவிட்டு
யார் சிரித்தது என்று எட்டிப் பார்த்தான்.

லாரி போனதும் நோட்டை எடுத்தேன்.
மணி: மூன்று நாற்பது.
என்ன செய்துகொண்டிருந்தீர்கள்: சிரிப்பு.
எவ்வளவு: கொஞ்சம்.