வென்ட்லியான்

பெருங்குடி, ஆறாவது மாடி, இரவு ஒன்றரை.
வட வேல்ஸில் தண்ணீர்க் கட்டணம் பாக்கி வைத்தவர்களை
அழைப்பது என் வேலை.
பெயர் பொழிலன். போனில் பால்.
"எந்த மாட்டுப் பால்?" என்பான் ரிஸ்வான், தினமும்.

முகவரிகள்தான் முதலில் பிடித்தன.
அங்கே இரண்டு ல் சேர்ந்து நின்றால்
அது ல இல்லை, ள இல்லை.
நாக்கை ல-வில் நிறுத்திக் கன்னத்தோரம்
வெறும் காற்றை விட வேண்டும்.
கேண்டீனில் பழகினேன்.
பூனை சீறுகிறதென்று
மேசைக்கடியில் தேடினார்கள்.

முகவரிகளுக்குப் பின்னால் மலைகள்,
மலைகளுக்குப் பின்னால் கோட்டைகள்.
அஞ்சலட்டையில் வருகிற பெரியவை எல்லாம்
ஜெயித்தவன் கட்டியவை.
தோற்றவர்களுடையது
மேட்டில் ஓர் ஒற்றைக் கோபுரம், ஆட்டுப் புழுக்கை.

ஆயிரத்து இருநூற்று எண்பத்திரண்டு, டிசம்பர்:
இளவரசன் விழுந்தான்.
அவன் கைக்குழந்தை குவென்ல்லியனைத்
தூக்கிப் போய் ஆங்கிலக் கன்னிமடத்தில் விட்டார்கள்.
ஐம்பத்து நாலு வருஷம்.
அந்த ல்ல அங்கே யார் வாயிலும் நுழையவில்லை.
கடைசியில் அவளே தன் பெயரை
வென்ட்லியான் என்று எழுதினாளாம்.

ஞாயிறுகளில் விசா கேட்காத கோட்டை
எனக்கு ஒன்றுதான்: ஜார்ஜ் கோட்டை.
வாசலில் பையைத் துழாவி ஆதாரைப் பார்த்தார்
காவலர் குணவதி.
"போலிலனா? பேர்லயே போலி இருக்கே!"
அட்டையில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது,
தமிழிலேயே.

தேவாலயத்தைச் சுற்றித் தரையெல்லாம் கல்லறைப் பலகைகள்.
உடல்கள் வேறெங்கோ. கற்கள் மட்டும் இங்கே.
லத்தீன், போர்ச்சுகீசியம், மழை தின்ற ஏதோ ஒன்று.
பின்னால் செயலகத்தின் ஏ.சி. சொட்டிக்கொண்டிருந்தது.
ஜெயித்தவன் மதிலுக்குள் நம் கோப்புகள் நகர்கின்றன
(அல்லது நகரவில்லை).
கோபம் வருமென்று காத்திருந்தேன்,
பசிதான் வந்தது.

"சொந்தக்காரங்க யாராச்சுமா?" குணவதி, ரோந்தில்.
"இல்ல மேடம். பேரெல்லாம் சரியா வெட்டியிருக்கானு பாக்குறேன்."
குனிந்து ஓர் எழுத்தில் செருப்பு நுனியை வைத்து,
உடனே எடுத்துக்கொண்டார்.
"தப்பா இருந்தா மட்டும் எந்திரிச்சு வந்து கேக்கவா போறாங்க?"

திங்கள் இரவு, பட்டியலில் பதினேழாவது எண்.
பாக்கி நூற்றுப் பன்னிரண்டு பவுண்டு.
பெயர்: குவென்ல்லியன்.
நாக்கை வைத்தேன். காற்றை விட்டேன்.

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் அணைந்தது.
"பணம் இப்போ இல்லை," என்றாள்.
"ஆனால் இன்னொரு தடவை சொல்லுங்கள்."

சொன்னேன்.

"யார் பேசுவது?" என்று கேட்டாள்,
சிரிப்பது கேட்டது.

பழக்கதோஷம்.
பால், என்றுவிட்டேன்.